ஊம் கொட்டும் இடம்

வருணனைப் பத்தி, எடுத்துரைப் பத்தி, விளக்கப் பத்தி, வாதப் பத்தி. நான்கையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, வீட்டில் யாராவது செய்யும் வேலையைப் பற்றி எழுதச் சொன்னேன். கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்து மாணவி ஒருத்தி, தன் அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குவதை மூன்று பக்கம் எழுதியிருந்தாள். மூன்று பக்கமும் ஒரே பத்தி. அடுக்கும் சட்டம், அம்மாவின் விரல்நுனி, மழை பொய்த்துக் கம்பு கருகிய வருசம், கூலி ஏன் இவ்வளவுதான் என்ற கேள்வி, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. சிவப்பு மையால் நான்கு இடத்தில் வெட்டினேன். கூலிக் கேள்வி தனியாக வந்து விழுந்தது. பக்கத்தில் 'சான்று இல்லை' என்று எழுதினேன்.

"அம்மா, சான்று மேலதான இருக்கு. நீங்கதான பிரிச்சு விட்டீங்க?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் பத்தி எங்கிருந்து வந்தது என்று தேடினேன்.

ஏட்டுச்சுவடியில் பத்தி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்காமல் ஓரத்திலிருந்து ஓரம் வரை எழுத்து ஓடும். செய்யுளை யாப்பு பிரித்தது. உரைநடை பெரும்பாலும் உரையாசிரியர்களுடையது. அவர்களிடம் விளக்கமும் உண்டு, எதிராளியின் கேள்வியைத் தாமே எழுப்பி மறுக்கும் வாதமும் உண்டு. நாம் பாடம் சொல்லும் அந்த வரிசையில் பெண் பெயர் ஒன்றும் இல்லை.

அச்சு வந்தபின், 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் நிறுத்தக்குறிகளோடு உரைநடையைக் கண்ணுக்குப் பழக்கினார். ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் பெயின் 1866இல் பத்திக்கு விதிகளே வகுத்தார். ஒரு பத்திக்கு ஒரு பொருள். அதை முதல் வாக்கியம் காட்டிவிட வேண்டும். நம் வகுப்பறைப் பத்தி அந்த விதியின் வாரிசு. விடைத்தாள் திருத்துகிற எனக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும் அது கண்ணால் படிப்பவருக்கான விதி.

கரிசல்காட்டில் கதை சொல்லும் கிழவிக்கு எதிரே ஒருவர் ஊம் கொட்ட வேண்டும். ஊம் நின்றால் கதையும் நின்றுவிடும். அவளுக்கு அதுதான் பத்தி. இடைசெவல் கி. ராஜநாராயணன் இந்தக் கதைகளைத் திரட்டி அச்சில் தந்தார். கரிசல் சொற்களுக்கு அகராதியும் செய்தார். அவர் இல்லையென்றால் பலதும் மண்ணோடு போயிருக்கும். என்றாலும், வாய்க்கதை அச்சேறும்போது ஊம் கொட்டியவர் காணாமல்போகிறார். அந்த இடத்தில் தொகுப்பவர் விடுகிற இடைவெளி வந்துவிடுகிறது. சொன்னவள் எங்கே நிறுத்தினாள் என்பது ஏட்டில் ஏறுவதில்லை.

எழுதப் பழகாத வை. மு. கோதைநாயகி தம் முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லித்தான் எழுதுவித்தார். அங்கே ஊம் கொட்டியவளே எழுதியவள். பிறகு தாமே எழுதக் கற்று, 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார்.

எங்களுக்கு வடக்கே, விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார், ஊர்ப்பேச்சிலேயே. அதில் நடந்ததைச் சொல்லும் வாய் அப்படியே நியாயமும் கேட்கிறது. என் நான்கு வகைகளில் அதை எதில் சேர்ப்பது?

மறுநாள் அந்த மாணவியைக் கட்டுரையை உரக்க வாசிக்கச் சொன்னேன். வகுப்பு ஊம் கொட்டியது, முதலில் சிரிப்போடு, பிறகு சிரிக்காமல். ஏழு இடத்தில் நிறுத்தினாள். நான் வெட்டிய இடங்களில் ஒன்றுதான் அதில் இருந்தது.