பஞ்சரத்னத்தின் முக்கோணம்

காங்கேயம், கரூர் வட்டாரத்தில் அயோலைட் என்றொரு கல் கிடைக்கிறது. ஒரு பக்கம் திருப்பினால் கருநீலம். மறுபக்கம் திருப்பினால் வெளிறிய மஞ்சள். நொய்யல் கரைக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மணி கடைந்த நாட்டினர் நாம். கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. ஆயினும், இவ்வகைக் கல்லை ஆராய்ந்து ஒளியியலுக்கு ஒரு புதிய விதியைத் தந்த இளைஞரை நாம் அதிகம் பேசியதில்லை.

அவர் சி.வி. ராமனின் சகோதரி மகன் எஸ். பஞ்சரத்னம். 1934இல் கல்கத்தாவில் பிறந்தவர். பெங்களூரில் ராமனிடமே ஆய்வு மாணவராயிருந்து, ஒளியை உறிஞ்சும் படிகங்களைப் பற்றி 1955இல் கட்டுரைகள் எழுதினார். அவற்றில் அயோலைட்டும் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு வந்த கட்டுரைதான் அவருடைய பெரும் சாதனை. அப்போது அவருக்கு வயது 22.

அதன் சாரம் இது. ஒளியலை அதிரும் பாங்கினைத் தளவிளைவு என்கிறோம். அதன் ஒவ்வொரு நிலையையும் ஒரு கோளத்தின் மேல் புள்ளியாகக் குறிக்கலாம். முதல் நிலை இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும் கட்டம் ஒத்திருந்தாலும், மூன்றாவது முதலாவதோடு ஒத்திருக்க வேண்டியதில்லை. அம்முக்கோணம் கோளத்தின் மையத்தில் தாங்கும் திண்மக்கோணத்தில் பாதியே அந்த வேறுபாடு. ஊரைச் சுற்றிப் புறப்பட்ட வாசலுக்கே திரும்பினாலும், சுற்றிய பரப்பு அலையின் கணக்கில் ஏறிவிடுகிறது!

கட்டுரை இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் வெளிவந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உறங்கிற்று. 1964இல் ஆக்ஸ்போர்டு சென்ற பஞ்சரத்னம், 1969இல் 35 வயதில் மறைந்தார். 1984இல் மைக்கேல் பெரி குவாண்டம் இயலில் வடிவியல் கட்டத்தைக் கண்டார். 1986இல் ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் பழைய கட்டுரையை எடுத்துக்காட்டினர். மறு ஆண்டே பெரி அம்முன்னோடியை விரிவாக எழுதிப் போற்றினார். இன்று அது பஞ்சரத்னம்-பெரி கட்டம்.

நானோ ஒளியியலில் அதன் பயன் பெரிது. 2016இல் ஹார்வர்டில் ஃபெடரிகோ கபாசோ குழுவினர் செய்த தட்டை வில்லையில் கண்ணாடியின் வளைவே இல்லை. 600 நானோமீட்டர் உயர டைட்டானியம் டை ஆக்சைடுத் துடுப்புகள் வரிசையாக நிற்கின்றன. அது தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. ஒரு துடுப்பைத் திருப்பினால், வட்டத் தளவிளைவுடைய ஒளியின் கட்டம் அத்திருப்பத்தின் இரு மடங்கு மாறுகிறது. இடத்துக்கிடம் கோணத்தை மாற்றி நிறுத்தினால் ஒளி குவிகிறது.

பரணில் கிடந்த ஏடுகளைத் தேடியெடுத்தே நம் சங்க நூல்களை மீட்டோம். அச்சேறிய ஆய்விதழும் பரணில் கிடக்கக்கூடும் என்பதற்கு இக்கட்டுரை சான்று. உரிய பெயர் உரியவரைச் சேர்ந்தபோது, அவர் மறைந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் வகுப்பறைகளில் மாமனைச் சொல்லும்போது மருமகனையும் ஒரு வரியாவது சொல்லுவோம்.