கைவிட்ட நிலமும் ஏரிக் கணக்கும்: உத்திரமேரூர்ச் சாசனம் ஒன்றின் மறுவாசிப்பு

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்து வாரிய (குழு) உறுப்பினரைத் தேரும் குடவோலை முறைதான். சோழன் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுச் சாசனங்களை வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி 1932இல் விரிவாக ஆராய்ந்தார். முதல் விதியில் கண்ட குறையை இரண்டாவது விதி திருத்தியது, சபை பட்டறிவால் முதிர்ந்தது என்பது அவர் வாசிப்பு. இரு சாசனங்களின் பாடத்தை ஒப்பிட்ட அளவில் அதில் பிழையில்லை. தேர்வு முறையை முன்னே வைத்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் செய்த வேலையைப் பின்னே தள்ளியதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஏரி வாரியத்துக்கு அறுவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர் என்று எண்ணிச் சொல்லும் வாசிப்பு, அந்த அறுவர் எந்தப் பணத்தைக் கையாண்டார்கள் என்று கேட்பதில்லை.

அதற்கான விடையின் ஒரு பகுதி, அவற்றுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முந்தைய உத்திரமேரூர்ச் சாசனம் ஒன்றில் இருக்கிறது. தந்திவர்ம பல்லவன் காலத்தது. இறை கட்ட முடியாமல் குடிகள் ஊரைவிட்டுப் போகிறார்கள். நிலம் கிடப்பில் விழுகிறது. மகாசபை அதைத் தன் பொறுப்பில் எடுத்து, ஏரியின் பேரில் பயிரிடச் செய்கிறது. தவணை மூன்றாண்டு. அதற்குள் உரியவர் வராவிட்டால் நிலத்தை விற்று, பணத்தை ஊர் ஏரியான வைரமேக தடாகத்துக்குச் சேர்க்க வேண்டும். தந்திவர்மன் 796ஐ ஒட்டிப் பட்டமேற்றான் என்று கொண்டால் இது 9ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஆனால் அவன் ஆட்சித் தொடக்கம் பற்றி அறிஞர்கள் ஒருமுகப்படவில்லை. நானும் ஓர் ஆண்டைக் குறிக்கத் துணியவில்லை.

இந்தப் பல்லவர் காலச் சாசனத்தையும் 919ஆம் ஆண்டு விதியையும் நேரடியாக இணைக்கும் கல் கிடையாது. ஆயினும் பராந்தகன் காலத்து விதிகளில் ஒன்று கவனத்துக்குரியது. வாரியம் பார்த்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது; அவனுடைய தாய்வழி, தந்தைவழி உறவினர் பெயரையும் இடக்கூடாது. பணம் புழங்காத இடத்தில் இவ்வளவு கடுமை எதற்கு? கைவிட்ட நிலத்தின் விளைச்சல், ஏரியில் மண்ணெடுக்க வைத்த பொன்னின் வட்டி என்று ஏரிக்கு வரவு வந்துகொண்டே இருந்திருக்கிறது. எனவே குடவோலையை முதலில் கணக்குச் சிக்கலுக்குக் கண்ட மருந்தாகவே படிக்கிறேன். அரசாணை வந்ததும், அரச அதிகாரி சபையில் உடனிருந்ததும் இந்த வாசிப்பை வலுப்படுத்துகின்றன. நிறுவிவிட்டேன் என்று சொல்லமாட்டேன்; சாஸ்திரியின் வாசிப்பைவிட இது கல்லுக்கு நெருக்கமானது என்பேன்.

சபையை ‘ஊர் மக்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் சரியல்ல. இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35க்கு மேல் 70க்குள் வயது என்று தகுதிகள் நீளும். ஏரி மண்ணைக் கூடையில் சுமந்தவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

ஏரிகளின் இன்றைய நிலைக்கு இச்சாசனத்தை முன்மாதிரியாக்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். வண்டல் வேறு, நஞ்சு வேறு. மஞ்சள் நீர்க் கால்வாய் வழியே காஞ்சி நகரின் கழிவுநீர் நத்தப்பேட்டை ஏரிக்குப் போய்ச் சேர்வதைக் கூடையால் அள்ள முடியாது. பாலாற்றின் மேற்பகுதியில், ராணிப்பேட்டையில், 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. அங்கே மண்வெட்டியோடு ஊர்க்காரர்களை இறக்கினால் அது கொலை. அவர்கள் செய்யக்கூடியது வேறு: கிணற்று நீரைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது, செலவை மாசுபடுத்தியவரிடமே வாங்க வழக்காடுவது, தூய்மைப் பணியின் கணக்கைப் பார்ப்பது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை, வேலூர்த் தோல் ஆலைகள் பற்றிக் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது.

2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டத்தின் மணிமங்கலம் ஏரியில், விவசாயிகளின் பங்கேற்போடு ஏரிகளைச் செப்பனிடும் குடிமராமத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் ஆயக்கட்டு விவசாயிகளின் பங்கு பத்து விழுக்காடாக இருந்தது. அதை உழைப்பாகவும் தரலாம் என்றிருந்தது. கைவிட்ட நிலத்தை மூன்றாண்டில் ஏரிக்கு எழுதிக்கொள்ளும் உரிமை மட்டும் அவர்களுக்குத் தரப்படவில்லை.