நகையும் மனையும்

தமிழ் இலக்கண மரபு நகையை வெறும் பொழுதுபோக்காகக் கருதவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்து, அது தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்தார். அவற்றுள் முதலாவது எள்ளல், இறுதியானது மடன். அதே நூலின் களவியல், பெண்பாலுக்குரிய இயல்புகளை எண்ணும்போதும் மடன் என்னும் சொல்லையே ஆள்கிறது. ஓரிடத்தில் பெண்ணுக்கு அணியாக நின்ற சொல், மற்றோரிடத்தில் சிரிப்புக்குக் காரணமாக நிற்கிறது. இலக்கணம் இவ்விரண்டையும் இணைத்துப் பேசவில்லை. ஆயினும், பிற்காலத்து இல்லற நகைச்சுவையின் பெரும்பகுதி இவ்விரண்டும் கூடுமிடத்தில்தான் விளைந்தது எனலாம்.

மனைவிக்கு அடங்கிய கணவன் என்னும் நகைப்பொருள் மிகப் பழையது. ஆலங்குடி வங்கனார் பாடிய குறுந்தொகை 8ஆம் பாடலில் பரத்தை பேசுகிறாள். தன்னிடத்தில் பெருமொழி பேசிய தலைவன், தன் வீடு சேர்ந்ததும் கண்ணாடிக்குள் தெரியும் உருவத்தைப் போலப் புதல்வனின் தாய் விரும்பியபடியெல்லாம் அசைகிறான் என்பது அவள் கூற்றின் சாரம். இங்கே எள்ளுபவள் பெண், எள்ளப்படுவோன் ஆண். அந்த எள்ளல் சுடுவது மனைவியை அன்று, தலைவனின் இரட்டை நாவை. மருதத்திணையில் தோழியும் தலைவியும் பரத்தையும் ஆடவனை நகைத்துப் பேச உரிமை பெற்றிருந்தனர். அவர்தம் கூற்றுகளைப் புனைந்த புலவருட் பலர் ஆண்களே என்பதையும் மறத்தலாகாது.

திருக்குறளின் 91ஆம் அதிகாரமாகிய பெண்வழிச்சேறலில் இப்பொருள் அறநூலின் கண்டிப்பாக மாறுகிறது. மனைவிக்கு அஞ்சுபவன் நற்செயலுக்கு உதவான் என்பது அங்குக் கிடைக்கும் தீர்ப்பு. நகைப்புக்குரிய அச்சம் பழிக்குரிய அச்சமாயிற்று. அப்பழி கணவன்மேல் சுமத்தப்பட்டாலும், அதன் நிழல் விழுந்தது மனைவியின் சொல்மீதே. அவள் சொல்லைக் கேட்பதே ஓர் இழிவு என்னும் எண்ணத்திற்கு அது துணைபோயிற்று.

ஏட்டிலக்கியத்திற்கு வெளியே பெண்கள் தமக்கென ஒரு நகையரங்கை வைத்திருந்தனர். திருமண வீடுகளில் பாடப்பெற்ற நலுங்குப் பாடல்களிலும் சம்பந்தி ஏசலிலும் மாப்பிள்ளையின் நடை, நிறம், தாயின் கஞ்சத்தனம், தந்தையின் வீறாப்பு ஆகிய எல்லாம் ஏசப்பட்டன. மாப்பிள்ளை வீட்டார் முன் பணிந்து நிற்கவேண்டிய பெண் வீட்டார், அந்தச் சில நாழிகை மட்டும் நிமிர்ந்து சிரித்தனர். எல்லை வகுக்கப்பட்ட உரிமைதான் அது. எனினும் அது பெண்களின் வாய்மொழியாகவே இருந்தது.

அச்சு வந்தபின் இந்நிலை மாறியது. 1926இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய ‘ஆனந்த விகடன்’, 1928இல் எஸ். எஸ். வாசன் கைக்கு வந்தது. கல்கியின் எழுத்தும் மாலியின் கோடும் தமிழர்க்குப் புதியதொரு சிரிப்பைப் பழக்கின. அந்தக் கொடை பெரிது. ஆனால் வார இதழ்களின் துணுக்குப் பக்கங்கள் பெருகப் பெருக, ஒரே குடும்பம் திரும்பத் திரும்ப அங்குக் குடியேறியது. பூரிக்கட்டை ஏந்திய மனைவி, கட்டிலடியில் ஒளியும் கணவன், பட்டுப்புடவைப் பட்டியல், ஊருக்குப் போக மறுக்கும் மாமியார். அம்மனைவிக்குப் பெரும்பாலும் பெயரில்லை. பெயர் இருந்தாலும் வரலாறு இல்லை. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்தி, பெண்ணொருத்தி இதழாசிரியராக விளங்க இயலும் என்று காட்டிய காலமும் இதுவே. துணுக்குகளின் மனைவி அவரைப்போன்ற பெண்களை அறிந்தவளாகத் தெரியவில்லை.

“இத்துணுக்குகள் வீட்டில் பெண்ணுக்குள்ள செல்வாக்கின் சான்று அல்லவா?” என வாதிடுவோர் உளர். சட்டத்தின் வரலாறு வேறு சான்று தருகிறது. ஓர் இந்து ஆடவன் இரண்டாந்தாரம் கொள்வதைச் சென்னை மாகாணம் 1949இல்தான் சட்டத்தால் தடுத்தது. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கும் 498அ பிரிவு 1983இலும், வரதட்சணைச் சாவுக்கான 304ஆ பிரிவு 1986இலும் அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்னும் செய்தி நாளிதழில் வந்த அதே நாள்களில், வார இதழில் மருமகளின் சமையலால் மாமனார் மருத்துவமனை சேர்ந்தார். இரண்டும் ஒரே சமையலறை. 1988இல் வெளிவந்த ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ தொகுதியில் அம்பை அந்த அறையை உள்ளிருந்து காட்டினார்.

ஆகையால் இத்துணுக்குகளைத் தடைசெய்யலாமா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் பற்றிய ஒரு துணுக்கு வந்தது. அதற்காகத் தமிழகச் சட்டமன்றம், உரிமை மீறல் என்று கூறி ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு எழவே சில நாள்களில் அவர் விடுதலையானார். பின்னர் உயர்நீதிமன்றத்தில் அடையாள இழப்பீடாக 1,000 ரூபாய் பெற்றார். அத்தனை ஆண்டுகள் மனைவியரை எள்ளிய துணுக்குகளுக்காக எந்த ஆசிரியரும் அவ்வாறு சிறை செல்லவில்லை. வலியோரை எள்ளினால் காவல். மெலியோரை எள்ளினால் கைதட்டல்.

பெண் தானே பேசியபோது நிகழ்ந்ததையும் உடன்வைத்துக் காண்க. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுதி 2002இல் வெளிவந்தபோது, தலைப்பே குற்றமாக்கப்பட்டது, வசைமொழிகள் குவிந்தன. திருமணத்திற்கு முந்தைய உறவு குறித்து 2005இல் கருத்துரைத்த நடிகை குஷ்பு மீது இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடரப்பட்டன. 2010இல் உச்சநீதிமன்றமே அவற்றை நீக்கியது. மனைவியின் உடலையும் அறிவையும் பற்றி ஆடவர் சொன்னது நகைச்சுவை. பெண் தன் உடலைப் பற்றிச் சொன்னது பண்பாட்டுக் கேடு. கருத்துரிமை எல்லார்க்கும் பொது என்பது ஏட்டில் உண்மை. நடைமுறையில் அதன் விலை ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

ஒரு குழந்தையற்ற தம்பதியரைப் பற்றிய பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வழக்கில், 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் பிடிக்காத நூலை வாசகர் ஒதுக்கிவிடலாம் என்னும் நிலையை மேற்கொண்டது. அவ்வளவு உரிமை மட்டமான மனைவித் துணுக்குக்கும் உண்டு. இன்று அதைத் தடுக்கும் கத்தரிக்கோல், நாளை கவிதை நூலின் தலைப்பையும் வெட்டும். ஆனால் ஒதுக்கும் உரிமையும், மறுத்துரைக்கும் உரிமையும், திருப்பிச் சிரிக்கும் உரிமையும் அதனோடு சேர்ந்தே வரவேண்டும். துணுக்கைக் கண்டு முகம் சுளித்த பெண்ணை ‘நகைச்சுவை உணர்வற்றவள்’ என்று வாயடைப்பதும் ஒருவகைத் தணிக்கையே.

மன்றத்துக் கவிஞர்க்கு இதில் ஒரு பணி காத்திருக்கிறது. கவியரங்க மேடையில் கைதட்டல் குறையுந்தோறும் மனைவியைத் துணைக்கழைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வரியைப் பாட எவருக்கும் தடையில்லை. அவ்வரியின் நாயகி முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். அடுத்துப் பாட அவளையும் அழைத்திருக்கிறோமா என்பதே கேள்வி. சம்பந்தி ஏசலைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தவர்க்கு எள்ளல் புதிதன்று. மேடைதான் புதிது.