எவரெஸ்ட் டாக்டரும் பனையேறிகளும்

மலையேறப் போகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே வருகிற அடுத்த கேள்வி, ‘என்ன ஷூ வாங்கப் போறே?’ என்பதுதான். ஷூ, முதுகுப்பை, குளிர்தாங்கும் கோட்டு, கயிறு, தலைவிளக்கு... இன்று எல்லாம் கடையில் கிடைக்கிறது. காசு மட்டும் வேண்டும். ஆனால் ஷூ வாங்கிவிட்டால் கால் தயாராகிவிடுமா? கோட்டு வாங்கிவிட்டால் நுரையீரல் தயாராகிவிடுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நீங்கள் இமயமலை வரை போகவேண்டாம். மார்த்தாண்டம் வரைக்கும் என்னோடு வந்தால் போதும். ‘அங்கே என்ன மலையேற்றம்? ரப்பரும் வாழையும் தேனும்தானே இருக்கிறது!’ என்கிறீர்களா? அந்த ஊர்ப் பக்கத்தில் இரண்டுவிதமான ஏறுகிறவர்களின் கதை இருக்கிறது. ஒரு கதை எவரெஸ்டில் நடந்தது. இன்னொன்று பனைமரத்தில்!

முதலில் பனைமரம்.

மார்த்தாண்டத்துக்குத் ‘தொடுவெட்டி’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956-ல்தான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பலருக்குச் சோறு போட்டது பனை. பதநீருக்கு அங்கே ‘அக்கானி’ என்று பெயர். அந்த அக்கானி மரத்தின் உச்சியில் இருக்கிறது. கிளை கிடையாது, படி கிடையாது. சொரசொரப்பான ஒரே தூண்.

பனையேறியின் சாமான்களைப் பாருங்கள். இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடிக்க நாரில் செய்த வளையம் - திளாப்பு. முதல் சில அடிகளைத் தாண்ட மரத்தில் சாய்த்து வைக்கும் முருக்குத்தடி. இடுப்பில் அரிவாள் பெட்டி. பாளையை நசுக்கிப் பதப்படுத்தக் கடிப்பு. கலயத்தின் உள்ளே தடவச் சுண்ணாம்பு. இவ்வளவுதான் மொத்த ‘கிட்’! விழுந்தால் பிடிக்கக் கயிறு..? அது மட்டும் கிடையாது.

சாமான் குறைவாக இருந்தால் உடம்பு நிறைய வேலை செய்யவேண்டும். கைகள் மரத்தைக் கட்டிப்பிடிக்க, நெஞ்சு மரத்தோடு உரச, கால்கள் திளாப்போடு ஒரு உந்து உந்த... காய்த்துப்போன அந்த நெஞ்சுத்தோலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. சிறு வயதில் குட்டை மரத்தில் ஆரம்பித்து, வருஷக்கணக்கில் உடம்பு தானே செய்துகொள்ளும் கவசம் அது.

ஒரு சின்னக் கணக்கு. பனை நூறடிக்கு மேலும் வளரும். நாம் சராசரியாகப் பதினைந்து மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் முப்பது மரம் ஏறுகிறார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஒரு நாளைக்கு 900 மீட்டர்! பத்து நாளில் 9,000 மீட்டர். எவரெஸ்டின் உயரம் 8,849 மீட்டர்தான். அதாவது சீசன் நேரத்தில் ஒரு பனையேறி பத்து நாளைக்கு ஒரு எவரெஸ்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். யாரும் மாலை போடவில்லை.

மாலை போடாவிட்டால் போகட்டும், சமஸ்தானம் என்ன செய்தது தெரியுமா? வரி போட்டது. மரத்துக்கு மட்டுமல்ல, ஏறுகிற சாமானுக்கும்! ஏணிக்கு ஏணிக்காணம். காலில் மாட்டுகிற தளைக்குத் தளைக்காணம். எளிய சாதிகளின் தலையில் சுமத்தப்பட்டிருந்த இப்படிப்பட்ட சில்லறை வரிகள் நூற்றுக்கும் மேல் ஒழிந்தது 1860-களில், மாதவராவ் திவானாக இருந்தபோதுதான்.

இப்போது இரண்டாவது கதை. அதன் நாயகன் இதே வட்டாரத்துக்கு 1922-ல் வந்து சேர்ந்தார் - நேராக எவரெஸ்டிலிருந்து!

அவர் பெயர் ஹோவர்ட் சோமர்வெல். இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் 1890-ல் பிறந்தவர். குடும்பத் தொழில் என்ன தெரியுமா? ஷூ தயாரிப்பது! ‘கே ஷூஸ்’ என்ற புகழ்பெற்ற கம்பெனி அவர்கள் குடும்பத்தினுடையது. ஆனால் பையனுக்கு ஷூவை விற்பதில் ஆர்வமில்லை, மாட்டிக்கொண்டு மலையேறுவதில்தான் ஆர்வம். படித்தது டாக்டருக்கு. முதல் உலகப்போரில் பிரான்ஸில் ராணுவ சர்ஜன். 1916-ல் சோம் போர்க்களத்தில் ஸ்ட்ரெச்சர்களில் வரிசை வரிசையாகக் கிடந்த காயம்பட்டவர்களைப் பார்த்த மனிதர் அவர்.

1922-ல் எவரெஸ்ட் உச்சியைத் தொட முயன்ற முதல் பிரிட்டிஷ் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. அந்தக் காலத்தில் இதற்கு எப்படித் தயாரானார்கள்? நைலான் கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது. பட்டு, பருத்தி, கம்பளி என்று அடுக்கடுக்காகச் சட்டைகள். மேலே காற்று புகாத கேபர்டின் துணியில் ஒரு கோட்டு. ஆணியடித்த தோல் பூட்ஸ். ‘இதைப் போட்டுக்கொண்டா எவரெஸ்ட் ஏறினார்கள்!’ என்று பின்னாளில் பலரும் சிரித்தார்கள். ஆனால் 2006-ல், அந்தக் கால உடைகளை நூல் பிசகாமல் மறுபடி தைத்து, ஒருவர் எவரெஸ்டுக்கே எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்தார். உடை லேசாக இருந்தது, அடுக்குகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைத்து நன்றாகவே கதகதப்புத் தந்தது! சோதித்துப் பார்த்த கிரஹாம் ஹோய்லண்ட் யார் தெரியுமா? சோமர்வெல்லின் உறவினர்.

உடை சரி. உடம்பு? பதினைந்து, இருபது நாளில் பயிற்சி எடுத்துப் புறப்படுகிற விஷயமில்லை இது. உயரம் கூடக்கூட காற்று மெலிகிறது. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைகிறது. இதற்கு மருந்து ஒன்றே ஒன்றுதான் - நிதானம். ஒரு உயரத்தில் சில நாள் தங்கவேண்டும். உடம்பு வேகமாக மூச்சு வாங்கப் பழகவேண்டும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடவேண்டும், அப்புறம்தான் அடுத்த உயரம். அவசரப்பட்டால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து ஆளையே கொன்றுவிடும். சோமர்வெல் டாக்டர் அல்லவா, எவரெஸ்டில் மூச்சுக்காற்றை மாதிரி எடுத்து ஆராய்ச்சிக் குறிப்பே எழுதினார்.

1922 மே 21-ம் தேதி மாலரி, நார்ட்டன், சோமர்வெல் மூவரும் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறத்தாழ 8,200 மீட்டரைத் தாண்டினார்கள். அதுவரை எந்த மனிதனும் ஏறாத உயரம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜூன் 7-ம் தேதி, புதுப்பனி விழுந்து கிடந்த சரிவில் மறுபடி முயன்றார்கள். பனிச்சரிவு வந்து, சுமை தூக்கி வந்த ஏழு தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். ஆங்கிலேயர்களில் ஒருவர்கூட சாகவில்லை. அந்த விஷயம்தான் சோமர்வெல்லை உறுத்தியது. தங்களில் ஒருவராவது அவர்களோடு செத்திருக்கக் கூடாதா என்று நினைத்ததாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்த மனநிலையில்தான் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, தென்கோடிக்கு வந்தார். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நெய்யூர். 1838-லேயே லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய ஊர். அங்கே ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் காத்துக் கிடக்க, ஒரே ஒரு சர்ஜன் மாய்ந்து மாய்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். சோமர்வெல்லும் கூட நின்று ஆபரேஷன் செய்தார். லண்டனில் அவருக்காகப் பெரிய ஆஸ்பத்திரி வேலை காத்திருந்தது. ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு, நெய்யூருக்கே வந்துவிட்டார்!

ஆனால் எவரெஸ்ட் அவரை விடவில்லை. 1923 கோடையில் நண்பர் ஒருவரோடு ஆல்ப்ஸில் ஆறே வாரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட சிகரங்களை ஏறித் தள்ளியிருந்தார். மனிதரின் உடம்பு தயார். 1924-ல் நெய்யூரிலிருந்தே கிளம்பிப் போய்க் குழுவில் சேர்ந்துகொண்டார்.

இந்தமுறை மேலே ஒரு முகாமில் நான்கு தொழிலாளர்கள் பனியில் மாட்டிக்கொண்டார்கள். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விட்டால் நால்வரும் காலி. நார்ட்டன், மாலரி, சோமர்வெல் மூவரும் உச்சிக்காகச் சேர்த்து வைத்திருந்த தெம்பையெல்லாம் செலவழித்து மேலே போனார்கள். சோமர்வெல் கயிற்றைக் கட்டிக்கொண்டு சரிவில் குறுக்கே நகர்ந்தார். சில கஜம் இருக்கும்போது கயிறு தீர்ந்துவிட்டது! என்ன செய்தார் தெரியுமா? பனிக்கோடரியை ஆழமாகக் குத்தி, இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்து அதில் சுற்றி, ஒரு கையில் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினார். ஒவ்வொருவராக இழுத்துச் சேர்த்தார். நால்வரும் பிழைத்தார்கள்.

அதற்கான விலையை அவர் தொண்டை கொடுத்தது. உறைகுளிரில் வறண்ட காற்றை வாங்கி வாங்கி ஏற்கெனவே புண்ணாகியிருந்த தொண்டை அது. ஜூன் 4-ம் தேதி நார்ட்டனோடு உச்சியை நோக்கிப் போனார். ஏறத்தாழ 8,500 மீட்டரில், ஒரு எட்டு வைக்கப் பத்து மூச்சு வாங்கவேண்டிய நிலை. உட்கார்ந்துவிட்டார். ‘நீங்க போங்க’ என்று நார்ட்டனை அனுப்பினார். நார்ட்டன் 8,570 மீட்டர் வரை போய்த் திரும்பினார். சிலிண்டர் இல்லாமல் அதைவிட உயரமாக ஒருவர் ஏற 1978 வரை, 54 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது!

அவ்வளவு கெட்டிக்காரரான நார்ட்டனுக்கும் ஒரு சின்ன விஷயத்தில் சறுக்கியது. பாறைமேல் நடக்கும்போது எதற்கு என்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அன்று இரவே கண் தெரியாமல் போய், பார்வை திரும்ப இரண்டு நாளுக்கு மேல் ஆனது. சாமான் கையில் இருந்தால் மட்டும் போதாது, போட்டுக்கொள்ளவும் வேண்டும்!

இறங்கும்போது சோமர்வெல்லின் தொண்டையை ஏதோ அடைத்தது. மூச்சு நின்றது. கூப்பிடக் குரலில்லை. முன்னால் நார்ட்டன் போய்க்கொண்டே இருக்கிறார். சாவுதான் என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசியாக ஒருமுறை இரண்டு கைகளாலும் நெஞ்சை ஓங்கி அமுக்கினார். அடைப்பு ரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. அது அவருடைய தொண்டையின் உட்சவ்வு, குளிரில் கருகிப் பிய்ந்தது.

கீழே வந்ததும் தன் சின்ன கோடாக் கேமராவை மாலரியிடம் கொடுத்தார். ஜூன் 8-ம் தேதி மாலரியும் இர்வினும் மேகத்துக்குள் மறைந்தார்கள். மாலரியின் உடல் 1999-ல் கிடைத்தது. இர்வினின் கால் ஒன்று, பெயர் தைத்த சாக்ஸோடு, 2024-ல் கிடைத்தது. கேமரா மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அதில் எவரெஸ்ட் உச்சியில் எடுத்த போட்டோ இருக்குமோ என்று உலகமே ஏங்கிக்கொண்டிருக்கிறது. கேமராவின் சொந்தக்காரரோ நெய்யூருக்குத் திரும்பி ஆபரேஷன் கத்தியை எடுத்துக்கொண்டார்! தென் திருவிதாங்கூரில் ஏழைகளைப் பாடாய்ப் படுத்திய குடல்புண்ணுக்கு அவர் செய்த ஆபரேஷன்கள் மருத்துவ உலகில் பேர்பெற்றவை. பிற்பாடு வேலூர் சி.எம்.சி.யிலும் சொல்லிக்கொடுத்தார். 1975-ல் இங்கிலாந்தில் காலமானார். எல்லை தாண்டி கேரளப் பக்கம் காரக்கோணத்தில் இருக்கும் மெடிக்கல் காலேஜுக்கு அவர் பெயர்தான்.

சரி, நம் கேள்விக்கு வருவோம். தயாராவது என்றால் என்ன?

பனையேறியும் டாக்டரும் சொல்லுகிற பதில் ஒன்றுதான். உடம்புக்கு அவகாசம் கொடுங்கள். அது காசுக்குக் கிடைக்காது. சாமானைத் தினமும் சோதியுங்கள். நைந்த திளாப்போடு விவரமான பனையேறி யாரும் மரத்தில் கால் வைப்பதில்லை. வானத்தைப் பாருங்கள். மழையில் வழுக்குகிற மரத்திலிருந்து அவர் விலகி நிற்பார், உட்கார வேண்டிய இடத்தில் சோமர்வெல் உட்கார்ந்தார். கூட வருகிறவரின் உயிரும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

இது ஏட்டுப் பேச்சு இல்லை. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். இருபத்து மூன்று உயிர்கள். காடு காய்ந்து கிடக்கிற மாசி மாதம் அது. 2024-ல் தமிழக அரசு 40 மலைப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவு, உள்ளூர் வழிகாட்டிகள் என்று ஒழுங்குபடுத்தியிருக்கிறது. அந்த வழிகாட்டிகளில் பலர் அதே மலைகளில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர் ‘இன்னிக்கு வேண்டாம் சார்’ என்றால், ஷூ எவ்வளவு விலையானாலும் சரி, மறுபேச்சுப் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

அடுத்தமுறை மார்த்தாண்டம் பக்கம் போனால், தேன் வாங்குகிற கையோடு ஒரு விஷயம் செய்யுங்கள். இன்றும் பனையேறுகிறவர்கள் அங்கே கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். ஒருவரைத் தேடிப்பிடித்து, ஒரு குவளை அக்கானி வாங்கிக் குடித்துவிட்டு, ‘அண்ணே, அந்தத் திளாப்பை ஒரு தடவை காட்டுங்களேன்’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் சமஸ்தானமே வரி போட்ட சாமானை நீங்கள் கையில் வாங்கிப் பார்க்கலாம்!