பழைய எண்ணும் புதிய உடலும்: தொன்மை வாகனங்களின் அடையாளமும் வரிவிலக்கும் பற்றிய ஓர் ஆராய்ச்சி

இரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் நோக்கி ஏறும் மலைப்பாதையில், மிளகுக்கொடியும் ஏலச்செடியும் தேயிலையும் ஒன்றன்பின் ஒன்றாக விலகிச்செல்ல, நக்கிள்ஸ் மலைத்தொடரின் குளிர்மேகம் இறங்கி வளைவுகளை மறைக்கும் ஓரிடத்தில், அறுபது ஆண்டுகட்கு முன் இங்கிலாந்தில் செய்யப்பட்ட லேண்ட் ரோவர் வண்டியொன்று எதிர்ப்படுமாயின், காண்பவர் உள்ளத்தில் முதற்கண் எழுவது மரியாதையே. தோட்டத்துத் துரைமாரைச் சுமந்த வண்டி இன்று உரமூட்டையையும் நோயாளியையும் சுமக்கின்றது. ஆயினும் பதிவுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வண்டியின் அருகே நிற்பவருக்கு வேறொரு வினாவும் எழும். புத்தகத்தில் எழுதப்பட்ட வண்டி இதுதானா? கேட்பதற்குத் தத்துவ சாஸ்திரத்தின் வினாபோல் இருப்பினும், அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே பல இலட்சம் ரூபாய் வரி அரசாங்கத்துக்குச் சேர்வதும் சேராதொழிவதும் நிகழ்கின்றன.

ஒரு வாகனத்தின் அடையாளம் அதன்மேல் வெட்டப்பட்ட எண்ணில் மாத்திரம் இல்லை. அதன் பாகங்களின் தொகுதியில் மாத்திரமும் இல்லை. இடையறாது தொடர்ந்து, ஒளிவின்றி எழுதிவைக்கப்பட்ட சரித்திரத்திலேயே அது தங்கியுள்ளது என்பதே இக்கட்டுரையின் துணிபு. இத்துணிபு சரியாயின், பாகத்தை மாற்றுவது குற்றமன்று; மாற்றியதை மறைப்பதே குற்றம்.

மறைப்பதற்கான தூண்டுதல் தேசத்துக்குத் தேசம் வேறுபடும். பிரித்தானியாவில் 1995 நவம்பர் வரவுசெலவுத் திட்டம், 25 ஆண்டு நிறைந்த வாகனங்களுக்கு வருடாந்த வீதிவரியிலிருந்து விலக்களித்தது. 1997இல் அச்சலுகை 1973ஆம் ஆண்டுக்கு முற்பட்டவற்றுக்கே உரியதென நிறுத்தப்பட்டது. பின்னர் 2014இல் 40 ஆண்டு என்னும் நகரும் எல்லை வகுக்கப்பட்டது. 2018 மே மாதம் முதல், பெரிதும் மாற்றியமைக்கப்படாத 40 ஆண்டு வாகனங்கள் வருடாந்தப் பரிசோதனையினின்றும் விடுபட்டன. ஆகவே 1990களில் செய்யப்பட்ட வண்டியொன்று 1970ஆம் ஆண்டின் பத்திரத்தை அணிந்துகொள்ளுமாயின், வரியும் மிச்சம், பரிசோதனையும் மிச்சம். இலங்கையின் நிலை வேறு. இங்கே சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, பெறுமதி சேர் வரி என ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, வண்டியின் விலையையே விஞ்சிவிடும் இறக்குமதி வரிகளே பெருஞ்சுமை. போதாக்குறைக்கு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய எண் ஒன்று, என்றோ ஒருநாள் செலுத்தித் தீர்க்கப்பட்ட வரியைத் தன்னுள் அடக்கிவைத்திருக்கின்றது. வண்டி இற்று மண்ணானபின்னும் அந்த எண்ணும் அந்தப் புத்தகமும் விலைபெறுவது இதனாலேயே. பாகம் பாகமாக வந்திறங்கிப் பூட்டப்பட்ட புதிய உடல் ஒன்று அவ்வெண்ணுக்குள் நுழைந்துகொள்கின்றது.

தமிழர்க்கு இது பழகிய கதையொன்றை நினைவூட்டும். சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் மூலனின் உடலில், பசுக்களின் துயர் தீர்க்கும் பொருட்டு யோகியார் ஒருவர் புகுந்து, பின் தம் உடலைக் காணாது திருமூலராகவே நின்றார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. அவ்வரலாற்றில் என் கருத்தைக் கவர்வது கூடுவிட்டுக் கூடு பாய்ந்த சித்தியன்று. உருவமும் குரலும் மாறாதிருந்தும், வந்தவர் தன் கணவர் அல்லர் என்பதை மூலனின் மனைவி உணர்ந்துகொண்டதும், அவள் ஊரவரிடம் முறையிட, அவர்கள் வந்து பார்த்து உண்மை தெளிந்ததுமே ஆகும். அங்கே உடல் பழையது, உயிர் புதியது. நாம் ஆராயும் வழக்கில் உடல் புதியது. இறந்தவனின் பெயர்மட்டும் பழையது. இரண்டிலும் பொய்யையும் மெய்யையும் பிரித்தறியக் கூடியோர், முன்பு உடன் வாழ்ந்து அறிந்தோரே.

லேண்ட் ரோவர் இவ்வகைப் புகுதலுக்கு எளிதில் இடங்கொடுப்பது அதன் அமைப்பினால் நேர்ந்தது. 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் காட்சியில் அவ்வண்டி அறிமுகமானபோது, போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாட்டின் காரணமாக அதன் மேற்கூடு அலுமினியக் கலவையால் ஆயிற்று. ஏணிபோன்ற உருக்கு அடிச்சட்டத்தின்மீது, நம் கராஜ்களில் ‘செசி’ என்று வழங்குவதன்மீது, எல்லாம் ஆணியும் திருகும் கொண்டு பூட்டப்பட்டன. அலுமினியம் நிலைத்தது, செசி துருப்பிடித்தது. துருப்பிடித்த செசியை நீக்கிப் புதியதை வைப்பது நேர்மையான உடைமையாளனுக்கும் தவிர்க்க முடியாதது. அப்போது எண் என்னாவது? முன்வலப்பக்கத்து வில் தாங்கியில் வெட்டப்பட்டிருந்த எண் துருவோடு போயிற்று. புதிய இரும்பில் அதை மீண்டும் வெட்டுபவன் பழுதுபார்ப்பவனா, பொய்யனா? உளி ஒன்றே, செயலும் ஒன்றே. வேறுபடுத்துவது, அச்செயலைச் சொல்லும் ஏடு உண்டா என்பது.

ஏடு இல்லாதபோது இரும்பையே கேட்க வேண்டும். காண்டல், கருதல், உரை என அளவை மூன்று என்பர் சைவசித்தாந்த நூலார். வெட்டிய எண்ணைச் சுரண்டி அழித்தாலும், வெட்டின் அழுத்தம் உலோகத்தின் உட்படிவத்தைச் சிதைத்திருப்பதால், அமிலமிட்டுத் தேய்க்கும்போது அழிந்த எண் மங்கலாக மீண்டெழுவதுண்டு; இது காண்டல். கருதலுக்கோ அளவுநாடாவே போதும். 1985 வரை வந்த மூன்று வரிசை லேண்ட் ரோவர்களும் இலைவில் கொண்டவை. சுருள்வில் 1983இல் வந்த நூற்றுப்பத்து என்னும் வண்டியிலேதான் புகுந்தது. குட்டை வண்டியின் சக்கர இடைவெளி முன்பு 88 அங்குலம்; ‘தொண்ணூறு’ என்று பெயர்பெற்ற பின்வந்த வண்டியில் அது ஏறத்தாழ 93 அங்குலம். 1965 என்று புத்தகம் கூற, அடியில் சுருள்வில் தொங்குமாயின், அப்புத்தகம் வேறொரு வண்டியினுடையதோ என ஐயுறக் காரணம் உண்டு. பின்னாளில் வில்லை மாற்றியவரும் உளர் என்பது உண்மை. அங்கேயும் உரை வேண்டும், அதாவது மாற்றியதைச் சொல்லும் ஏடு.

பாகங்கள் யாவும் மாறினால் பொருள் மாறியதாகுமா என்ற பழைய வினாவுக்கு இரத்தோட்டையில் இருப்போர் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. திரிபிடகம் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்டதாகப் போற்றப்படும் அலுவிகாரை மாத்தளைக்கு அண்மையிலேயே உள்ளது. அந்தப் பாளி மரபைச் சேர்ந்த மிலிந்த பஞ்ஞ என்னும் நூலில், நாகசேன தேரர் மிலிந்த மன்னனிடம், அச்சா தேர், சக்கரமா தேர், நுகமா தேர் என வினவி, அவற்றுள் எதுவும் தேர் அன்று, அவை சேர்ந்தவழி வழங்கும் பெயரே தேர் என்று நிறுவுகின்றார். 1990இல் இலண்டன் உயர்நீதிமன்றமும் இவ்வினாவை நேருக்கு நேர் சந்தித்தது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தில் வென்ற ‘பழைய முதலாம் எண்’ பென்ட்லி, ஒரு கோடி பவுணுக்கு விலைபேசப்பட்டபின், அது அந்த வண்டியே அன்று என வாங்குவோர் மறுத்தனர். வென்ற நாளிலிருந்த பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. எனினும் நீதிபதி ஒட்டன், அது ஒருபோதும் ஒரேயடியாக வேறொரு வண்டியால் இடம்பெயர்க்கப்படாமல், மாற்றம் மாற்றமாகத் தொடர்ந்து வந்த சரித்திரத்தை ஆதாரமாகக் கொண்டு, அது அந்த வண்டியே எனத் தீர்த்தார். நாகசேனர் பெயரளவில் நிறுத்தியதை நீதிபதி சரித்திரத்தில் நிறுத்தினார். வரிவிதிப்போர் பின்பற்றத்தக்கது பின்னையதே என்பது என் அபிப்பிராயம்.

பிரித்தானிய அதிகாரிகள் நெடுங்காலம் புள்ளிக்கணக்கு முறையைக் கையாண்டனர்: செசிக்கு 5, வில்லமைப்பு, அச்சு, கியர்ப்பெட்டி, திசைதிருப்பி என்பவற்றுக்கு இவ்விரண்டு, இயந்திரத்துக்கு 1, எட்டுப் புள்ளி பெற்றால் பழைய எண் நிலைக்கும். இயந்திரத்தை மிகத் தாழ்வாக மதித்தமை நுண்ணிய அறிவு. இயந்திரமே அடிக்கடி மாறுவது. ஆனால் கூட்டல் கணக்கு எங்ஙனம் சரித்திரத்தை அளக்கும்? எட்டுப் புள்ளியை நான்கு பிணங்களிலிருந்து பொறுக்கிச் சேர்க்கவும் கூடும்.

இலங்கையில் சரித்திரம் அறுபடும் இடம் வேறு. உடைமை மாற்றப் படிவத்தில் விற்பவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, தம் பெயரில் பதியாமலே அடுத்தவருக்கு விற்கும் ‘ஓப்பன் பேப்பர்’ வழக்கத்தினால், ஒரு வண்டி பல கைகளைக் கடந்தும் பதிவேட்டில் அக்கைகளின் சுவடே இல்லாது போகின்றது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றும் கேட்கப்படுகின்றன. கடுதாசி கடுதாசியைச் சந்திக்கின்றது, இரும்பைச் சந்திப்பதில்லை. எண் தகடு என்பது வெறுந்தகடன்று என்பதை இந்நாட்டுத் தமிழர் 1957இல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துத் தகடுகளில் ஏறியபோதே வலியோடு உணர்ந்தனர். தம் பெயரும் மொழியும் பொதுப் பதிவேட்டில் எப்படி எழுதப்படுகின்றன என்பதற்காக, அவ்வெழுத்தை அழிக்கத் தார்ச்சட்டியை ஏந்திய சமூகம், பதிவேட்டின் உண்மையைச் சிறுகாரியமாகக் கருத இயலாது.

மோசடியால் மிக நேரடியாகத் துன்புறுவோர் நேர்மையான பழுதுபார்ப்போர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தார்ஜிலிங் மலையில் மனேபஞ்சனிலிருந்து சந்தக்பூ ஏறும் 1950களின் லேண்ட் ரோவர்கள் பல, வேறு இயந்திரங்களைச் சுமந்தே இன்றும் ஓடுகின்றன. நம் நாட்டில் மொரிஸ் மைனருக்கு வேண்டிய தகடுகளைச் செய்து இங்கிலாந்தின் பாத் நகருக்கு அனுப்பிய தொழிற்சாலை ஒன்றே இருந்தது. இத்தகைய கைத்திறனின் பயன்களெல்லாம் சந்தேகத்துக்குரியன என்ற எண்ணம் பரவுமாயின், இரத்தோட்டைச் சந்தியில் கையில் கிரீசோடு நிற்கும் பழுதுபார்க்கும் பாஸ், தான் மாற்றிய செசியைச் சொல்லவே அஞ்சுவார். அச்சம் மௌனத்தையும், மௌனம் மேலும் சந்தேகத்தையும் வளர்க்கும். 2025 செப்டம்பரில் கேரளத்தில் இந்தியச் சுங்கத்துறை நடத்திய தேடுதலில், பூட்டானிலிருந்து கொணரப்பட்ட லேண்ட் குரூசர் முதலிய வண்டிகள் இராணுவம், தூதரகம் என்பவற்றின் பேரால் அமைந்த போலிப் பத்திரங்களோடு பதியப்பட்டன என்று அத்துறை குற்றஞ்சாட்டியபோது, பழைய வண்டியை முறையாக வைத்திருந்தோரும் ஐயக்கண்ணுக்கு இலக்காயினர். அதே இந்தியாவில் 2021 ஜூலை விதிகள், 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவும் தனி எழுத்தும் தந்து, பெரிதாக மாற்றியமைக்கப்படாதிருத்தலையும் நிபந்தனையாக்கியுள்ளன. அது நல்ல தொடக்கம்.

இலங்கை செய்யத்தக்கது இன்னும் எளிது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஒரு குறித்த காலத்துக்கு, ஓப்பன் பேப்பரில் கைமாறிய பழைய வண்டிகளின் உடைமைத் தொடரையும் மாற்றிய பாகங்களையும் தண்டமின்றி எழுதிக்கொள்ளட்டும். பிரதேச செயலகத்துக்கு வருமான அனுமதிப்பத்திரம் பெறவரும் 40 ஆண்டு கடந்த வண்டியில் எண் வெட்டப்பட்ட இடத்தை, ஒருதரமேனும், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எண்ணைப் படம்பிடித்து, சக்கர இடைவெளியை அளந்து, புத்தகத்தோடு சேர்த்துக் கட்டிவைக்கட்டும். தாமே முன்வந்து சொன்ன மாற்றத்துக்கு அபராதமில்லை என்பது சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். அந்நாள் வரும்வரை, ரிவஸ்டன் வளைவில் இறங்கிவரும் வண்டியை மதிப்பதா ஐயுறுவதா என்று அறியமாட்டாமல் நிற்பது, அதை ஓட்டிவரும் நேர்மையாளனுக்கு நாம் இழைக்கும் அநீதியாகவே இருந்துவரும்.