வளைந்த முதுகும் பழகிய மூச்சும்

எலும்பு மருத்துவத்திற்கு இன்று வழங்கும் 'ஆர்த்தோபீடிக்ஸ்' என்னும் பெயர், பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி 1741இல் ஆக்கிய சொல்லிலிருந்து வந்தது. 'நேரானது', 'குழந்தை' என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. குழந்தையின் உடலை நேராக வளர்த்தலே அக்கலையின் பிறப்பு நோக்கம் என்பதை அப்பெயரே உரைக்கின்றது. அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' முதற்பாகத்தில் குழந்தை பேணலையும் 'ரியாளா' எனும் உடற்பயிற்சியையும் விரித்துரைத்தார். அரபியில் இச்சொல் உடலைப் பழக்குவதையும் உள்ளத்தைப் பழக்குவதையும் ஒருங்கே குறிக்கும்.

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்ளும் 'ஸ்கோலியோசிஸ்' குறைக்கு இந்த இருவகைப் பழக்கமும் வேண்டும். அதை உணர்த்தியவர், தாமே அக்குறையுடன் வளர்ந்த ஜெர்மன் பெண்மணி காத்தரீனா ஷ்ரோத். 1894இல் டிரெஸ்டன் நகரில் பிறந்த அவர், இளமையில் இரும்புக் கச்சை அணிந்து துன்புற்றார். அமுங்கிய பந்து காற்று நிரம்பியதும் உருப்பெறுவதுபோல், ஒடுங்கிய விலாப்புறமும் மூச்சால் விரியுமன்றோ என்று எண்ணினார். கண்ணாடி முன் நின்று தம் உடலைத் தாமே நோக்கிப் பழகினார். 1921இல் மைசன் நகரில் சிறியதொரு பயிற்சியகம் கண்டார். 1961இல் அப்பணி மேற்கு ஜெர்மனியின் சோபர்ன்ஹைமுக்கு மாறியது. மகள் கிறிஸ்டா அதனை வளர்த்தார். அன்னையார் 1985இல் மறைந்தார்.

பயிற்சியே எல்லாம் செய்துவிடும் என்று கருதலாகாது. மூன்று வயதிற்குள் தோன்றும் வளைவுகளுள் பல தாமே நேராகும். முற்றுபவற்றுக்கு மாவுக்கட்டு வேண்டும். நுட்பமான மூச்சுப் பயிற்சி சின்னஞ்சிறார்க்கு எட்டாது; அவர்களுக்கு அது விளையாட்டாகவே அமைய வேண்டும். வளரும் பிள்ளைகளுக்குக் கச்சையின் பயனை 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு உறுதிசெய்தது: கச்சை அணிந்தோருள் நூற்றுக்கு 72 பேர் அறுவை மருத்துவத்தை நாடும் நிலையை எட்டவில்லை, அணியாதோருள் அவ்வாறு தப்பியோர் 48 பேரே. பயிற்சிக்கு அத்துணை வலிய சான்று இல்லை. அது கச்சைக்குத் துணை, மாற்று அன்று.

ஆகவே காலத்தே அறிதலே தலையாயது. பிள்ளையைக் குனியச்செய்து முதுகின் இருபுறமும் சமமாக உள்ளனவா என்று பார்க்கும் எளிய முறையை 1865இலேயே வில்லியம் ஆடம்ஸ் எழுதிவைத்தார். அதற்குப் பொருட்செலவில்லை, ஒரு நிமிடம் போதும். பெண்மகவின் முதுகு வளைவைத் திருமணத்திற்கு அஞ்சி ஆடைக்குள் மறைக்கும் பெற்றோர், திருத்தத்தக்க ஆண்டுகளையே மறைத்துவிடுகின்றனர். வளர்ச்சி நின்றபின் அவ்வாண்டுகள் மீளா.