கனகராயன் ஆறும் வன்னிக் காடும்

காட்டை அழிப்பவன் ஏழை உழவன். அதைக் காப்பது அரசாங்கச் சட்டம். இக்கூற்றை நாம் பள்ளிப் பருவம் முதலே கேட்டு வருகிறோம். வன்னியின் சரித்திரம் இதற்கு என்ன சாட்சி கூறுகிறது?

சேமமடுவை அண்டித் தோன்றும் கனகராயன் ஆறு, கனகராயன்குளப் பகுதியூடாக வடக்கே ஓடி, இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளம் கடல்நீரேரியில் கலக்கிறது. பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த இந்த உலர்வலயக் காடுகள் யானை, கரடி, சிறுத்தை, மரை ஆகியவற்றின் உறைவிடம். பாலை பழுக்குங்கால் கரடி மரமேறும். அதே பழத்தைத் தேடிக் கிராமத்து மக்களும் காடு புகுவர். ஆறு முடியும் ஏரியிலோ மாரிகாலத்தில் பூநாரைகள் வந்திறங்கும். மனிதரையும் விலங்கையும் பறவையையும் ஒரே நீர் பிணைத்து வைத்திருக்கிறது.

இப்பிணைப்பின்மீது முதல் வெட்டு விழுந்தது 1840இல். அவ்வாண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், தனியார் உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய சொத்தென்று கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தவனிடம் உறுதிப்பத்திரம் ஏது?

காட்டைத் தனதாக்கிய அரசு காட்டுயிரைக் காத்ததா? ஒரு யானைக்குச் சில ஷில்லிங் என்று சன்மானம் அறிவித்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாகக் குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ற்றே எழுதியிருக்கிறார். அந்நாளில் அம்மாகாணம் நுவரகலாவியையும் உள்ளடக்கியிருந்தது. துவக்கேந்தியவருள் உள்ளூரவரும் இருந்தனர். ஆனால் உயிருக்கு விலை குறித்தது ஆட்சிபீடமே!

பின்னர் அதே ஆட்சியே காவலனாக வேடம் பூண்டது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ், 1938இல் சுண்டிக்குளம் சரணாலயமாயிற்று. 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. இடையில் நிகழ்ந்தது பெரும் போர். 2009க்குப் பின் வன்னிக்குத் திரும்பிய குடும்பங்கள் பல, தம் வயலும் குடிநிலமும் காடேறிக் கிடக்கக் கண்டன. அங்கே எல்லைக்கல் நாட்டப்பட்டபோது எழுந்தது 1840இன் பழைய கேள்வியே: உறுதி எங்கே?

காடு வேண்டாமென்பதல்ல நமது வாதம். காடழிந்தால் ஆறு மெலியும். ஆறு மெலிந்தால் இரணைமடுவின்கீழ் விளையும் நெல்லும் சுண்டிக்குளத்தை நாடிவரும் பறவையும் ஒருங்கே நலியும். இதை நன்கறிந்தவர்கள் அந்நீரை நம்பி வாழும் உழவரும் மீனவருமே. அவர்களைக் கேளாமல் வரைபடத்தில் கீறப்படும் எல்லை, காட்டுக்கும் அதன் இயல்பான காவலருக்கும் இடையே பகையை வளர்க்குமேயன்றிக் காட்டைக் காக்காது.